கையைவிட்டுப் போன வேலை: 47 வயதில் ஒரு தொழில் மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் என்னிடம் முதலில் வந்தபோது அவருக்கு வயது 47. மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவர். வேதியியல் படித்து, ஆய்வகத்தில் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, அறுபது பேருக்கு மேலாளராக ஆனவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையை மாற்றவில்லை.

வந்த காரணத்தைச் சுருக்கமாகவே சொன்னார்: "வேலையை விட்டுட்டு விவசாயம் பண்ணலாம்னு இருக்கேன். சரியா வருமான்னு சொல்லுங்க."

அவருக்கு நிலம் இல்லை. விவசாயக் குடும்பமும் இல்லை. மண்ணில் கை வைத்த அனுபவமும் கிடையாது. ஆனால் இந்தப் பதிலை நான் ஒதுக்கிவிடவில்லை. நடுவயதில் தொழில் ஆலோசனைக்கு வருகிற பலரும் கையில் ஒரு பதிலோடுதான் வருகிறார்கள். விவசாயம், ஆசிரியர் வேலை, சொந்தமாக ஒரு கடை, மலைப்பக்கம் ஒரு சின்ன விடுதி. அந்தப் பதிலைக் கொஞ்சம் கிளறினால், இப்போதைய வேலையில் எது அவர்களை வாட்டுகிறது என்பது தெரிந்துவிடும். எங்கே போக வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. அதற்குத் தனியாக உழைக்க வேண்டியிருக்கிறது. இந்த ஆய்வு அந்த உழைப்பைப் பற்றியது.

அசதியா, பொருத்தமின்மையா?

முதல் சந்திப்பில் தொழிலைப் பற்றி அதிகம் பேசவில்லை. தூக்கத்தைப் பற்றிப் பேசினோம். தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் ஓடுவதால் இரவு எந்நேரமும் போன் வரும். ஐந்து மணி நேரம் தூங்கினால் பெரிது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே நெஞ்சில் ஏதோ கனக்கத் தொடங்கிவிடும் என்றார்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-வது பதிப்பில் பணிச்சோர்வை விளக்கும்போது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சொல்கிறது. அதற்கு மூன்று அடையாளங்களைத் தருகிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன் மேல் கசப்பு, செயல்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு. இவருக்கு முதல் இரண்டும் தெளிவாக இருந்தன. மூன்றாவது இல்லை. வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார், அது அவருக்கே தெரியும். என்னைச் சற்று நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்.

மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். தைராய்டு குறைபாடு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு என்று எதுவாக இருந்தாலும் அது வேலை மேல் வெறுப்பாகத் தோன்றக்கூடும். அதைப் பார்க்காமல் தொழிலை மாற்றப் புறப்படுவது வீண் வேலை. பெரிதாக எதுவும் இல்லை என்று வந்த பிறகு, அலுவலக போனை அணைத்துவிட்டு இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார்.

விடுப்பு முடிந்து வந்தவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நன்றாகத் தூங்கியிருந்தார். விவசாய ஆசை பாதியாகக் குறைந்திருந்தது. "யோசிச்சுப் பார்த்தா, எனக்குப் போன் அடிக்காத இடம் வேணும். அவ்வளவுதான்" என்றார். ஆனால் வேலைக்குத் திரும்பிய சில நாட்களிலேயே அந்தக் கனம் மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓய்வு எடுத்தால் தீர்கிற பகுதியும் தீராத பகுதியும் இப்படித் தனித்தனியாகப் பிரிந்தன. இவ்வளவு தெளிவாகப் பிரிவது எல்லோருக்கும் நடப்பதில்லை.

இந்தக் கட்டத்தில் அவர் மனைவியும் ஒருமுறை வந்தார். "இது இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதுதானே, கொஞ்ச நாள்ல போயிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 'நடுவயது நெருக்கடி' என்ற பேச்சு 1965-ல் எலியட் ஜாக்ஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் கலைஞர்களின் வாழ்க்கையை. பிறகு 2000-ல் எலெய்ன் வெதிங்டன் அமெரிக்கர்களிடம் விசாரித்தபோது, அப்படி ஒரு நெருக்கடி தனக்கு வந்தது என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான். அவர்களிலும் பலர் காரணமாகச் சொன்னது வயதை அல்ல, வாழ்க்கையில் நடந்த ஏதோ ஒரு சம்பவத்தை. பிளாஞ்ச்ஃப்ளவர், ஆஸ்வால்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2008-ல் பல நாடுகளின் தரவுகளை வைத்து, வாழ்க்கைத் திருப்தி நாற்பதுகளில் சற்றுத் தாழ்ந்து பிறகு மேலேறுகிறது என்று காட்டினார்கள். இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆக, "வயசுக் கோளாறு, தானா போயிடும்" என்று விட்டுவிடவும் முடியாது, பெரிய நெருக்கடி என்று பயப்படவும் வேண்டியதில்லை. இதை அப்படியேதான் அவரிடம் சொன்னேன்.

நாளேட்டில் தெரிந்தது

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று நான் கேட்கவில்லை. 47 வயதில் அந்தக் கேள்விக்கு வருகிற பதில் பெரும்பாலும் 25 வயதில் பிடித்ததாக இருக்கும், இல்லாவிட்டால் பிடித்திருக்க வேண்டும் என்று நினைப்பதாக இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு நோட்டில் மணிக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன்: என்ன செய்தேன், யாருடன் செய்தேன், முடித்தபோது தெம்பு கூடியதா குறைந்ததா. கூடினால் ஒரு கூட்டல் குறி, குறைந்தால் ஒரு கழித்தல் குறி.

பக்கம் பக்கமாகக் கழித்தல் குறிகள். உற்பத்திப் பிரிவுடன் கூட்டம், தணிக்கைக்குப் பதில் எழுதுதல், விடுப்பு அனுமதி, பட்ஜெட், இரண்டு மேற்பார்வையாளர்களுக்கு இடையே பஞ்சாயத்து. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி நேரத்துக்குத் தொடர்ச்சியாகக் கூட்டல் குறி. அதன் ஓரத்திலேயே சின்ன எழுத்தில் "நேரம் வீண்" என்று குறித்திருந்தார்.

அது என்ன என்று கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன பகுப்பாய்வாளர் ஒருவர் கையெழுத்துக்காக ஒரு வரைபடம் கொண்டுவந்திருக்கிறார். 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைக்கப்பட்ட மாத்திரையை, அதிலுள்ள பொருட்களை ஒரு குழாய் வழியாக ஓட்டிப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி எடுத்தது. ஒவ்வொரு பொருளும் வரைபடத்தில் ஒரு சிகரமாக (பீக்) தெரியும். மருந்தின் சிகரம் ஏறி இறங்குகிற இடத்தில், இறக்கத்தில் மட்டும் லேசான புடைப்பு. "குழாய் பழசாயிடுச்சு, அதான் பீக் இழுக்குது" என்று அந்தப் பெண் குறிப்பும் எழுதிவிட்டார். இவர் கையெழுத்துப் போடாமல், "அதே ரன்ல ஸ்டாண்டர்ட் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் ஸ்டாண்டர்டின், அதாவது ஒப்பிடுவதற்காக ஓட்டும் தூய மருந்தின், சிகரம் இருபுறமும் சமமாக நிற்கிறது. குழாய் பழையது என்றால் அதுவும் இழுத்திருக்க வேண்டுமே! "அப்போ இது குழாய் பிரச்சினை இல்லை. வேற என்னவா இருக்கும், நீங்களே சொல்லுங்கம்மா" என்று விட்டுவிட்டார். இருவருமாக உட்கார்ந்து, கரைப்பானில் மெத்தனாலின் அளவைக் குறைத்து மறுபடியும் ஓட்டியபோது, அந்தப் புடைப்பு பிரிந்து தனிச் சிகரமாக நின்றது. மருந்து சிதைந்து உண்டான ஒரு பொருள். புது மாத்திரையில் அது இல்லை.

இதைச் சொல்லும்போது என் மேசையிலிருந்த காகிதத்தை இழுத்து அந்த வளைவை வரைந்தே காட்டினார். அதுவரை நாலு வார்த்தைக்கு ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவரின் பேச்சு வேகம் பிடித்தது. புடைப்பு இருந்த இடத்தைப் பேனாவால் மூன்று முறை அழுத்தி வரைந்தார். "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே!" என்றார். அப்புறம் சட்டென்று குரல் இறங்கியது. "ஆனா அன்னைக்கு நான் பண்ண வேண்டிய வேலை எதையும் பண்ணல. மெயில் எல்லாம் அப்படியே கிடந்துச்சு."

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். அவருக்குப் பிடித்த வேலை வேறெங்கோ இல்லை. தினமும் அவர் அறையைத் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தது. பதவி உயர உயர அதைத் தொடுவது அவருடைய வேலை இல்லை என்றாகிவிட்டது. தப்பித்தவறித் தொட்டாலும் குற்ற உணர்ச்சி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் எட்கர் ஷைன் 1960-களின் தொடக்கத்தில் தன் மேலாண்மை மாணவர்கள் 44 பேரை ஆராயத் தொடங்கி, ஏறத்தாழ பத்து வருடம் கழித்து அவர்களை மறுபடியும் சந்தித்தார். எத்தனை வேலை மாறினாலும் ஒருவர் விட்டுக்கொடுக்க மறுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டு, அதைத் தொழில் நங்கூரம் என்றார். சிலருக்கு அது சுதந்திரம், சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்கு நிர்வாகம், சிலருக்குத் தங்கள் கைத்திறன். கைத்திறன் வகையினர் மேலாளர் பதவிக்குத் தள்ளப்படும்போது திணறுவதையும் அவர் எழுதியிருக்கிறார். இவருடைய நிறுவனத்தில் மேலே போக ஒரே ஏணிதான் இருந்தது. திறமையான பகுப்பாய்வாளருக்குக் கொடுக்க அவர்களிடம் இருந்த ஒரே மரியாதை, அவரைப் பகுப்பாய்விலிருந்து விலக்குவதுதான். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் நல்ல வேலையாட்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் வாடிப்போகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

நாளேட்டைத் திரும்பப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கூட்டல் குறி விழுந்த இடங்களில் பெரும்பாலும் இன்னொரு ஆள் பக்கத்தில் இருந்தார். தனியாக ஆய்வகத்தில் நின்ற நேரங்கள் சுமார்தான். ஒரு புதிரும், அதைப் பார்க்கக் கற்றுக்கொள்கிற ஒருவரும் சேர்ந்திருந்தால்தான் இவருக்குத் தெம்பு வருகிறது. பழைய வேலைக்கே திரும்பிப் போவதும் தீர்வாகாது என்பது இதிலிருந்து விளங்கியது.

விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்தது

இவ்வளவு தெரிந்த பிறகும் அவர் நகரவில்லை. "23 வருஷம் போட்டுட்டேனே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒரு நாடக அரங்கில், ஒரு பருவத்து நாடகங்கள் எல்லாவற்றுக்குமான சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எந்த விலைக்கு யாருக்குச் சீட்டு என்பதைத் தற்செயலாகத்தான் முடிவு செய்திருந்தார்கள். ரசனையில் வித்தியாசம் இல்லை, கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. இதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். ஆனால் சிரித்ததால் மட்டும் பிடி தளர்ந்துவிடவில்லை.

எழுதச் சொன்னது ஓரளவு உதவியது. 1994-ல் ஸ்பெரா, பூர்ஃபைண்ட், பென்னபேக்கர் ஆகியோர் வேலை இழந்த நிபுணர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவினர் வேலை போனதைப் பற்றிய தங்கள் உணர்வுகளைத் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதினார்கள். பிற்பாடு பார்த்தபோது, எழுதாதவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்குச் சீக்கிரம் வேலை கிடைத்திருந்தது. அதற்காக அவர்கள் கூடுதலாக விண்ணப்பங்கள் போட்டிருக்கவும் இல்லை. மனக்கசப்பை ஓரளவு எழுதித் தீர்த்துவிட்டு நேர்காணலுக்குப் போனதுதான் காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள்.

நான் கொடுத்த கேள்வி: "இந்தப் பதவியை விட்டால் எதை இழப்பேன்?" முதலில் சம்பளம், கார், மருத்துவக் காப்பீடு என்று பட்டியல் மாதிரி எழுதினார். நான்காம் நாள்தான் அந்த வரி வந்தது: "கூடப் படித்தவர்கள் கேட்டால் என்ன சொல்வேன்? கார்டில் பேருக்குக் கீழே என்ன இருக்கும்?" அதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். பணத்தைவிடப் பெரிய பயம் அது. அதை எழுத்தில் பார்த்த பிறகுதான் எங்கள் பேச்சு உருப்படியான இடத்துக்கு வந்தது.

ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வை இந்தச் சமயத்தில் பகிர்ந்துகொண்டேன். வேலையை வெறும் பிழைப்பாகப் பார்ப்பவர்கள், முன்னேறும் படியாகப் பார்ப்பவர்கள், தன் வாழ்க்கையின் நோக்கமாகவே பார்ப்பவர்கள் என்று மூன்று வகை. ஒரே மாதிரி வேலை பார்த்த 24 நிர்வாக உதவியாளர்களிடம் கேட்டபோதும் அவர்கள் ஏறத்தாழ சமமாக மூன்றாகப் பிரிந்தார்கள். வேலையின் பெயர் மட்டும் மனநிறைவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. "முதல் பத்து வருஷம் மூணாவதா இருந்தேன். இப்போ ரெண்டாவது" என்றார் அவர்.

செய்து பார்த்தவை

உட்கார்ந்து யோசித்து முடிவெடுத்துவிட்டு அப்புறம் செயலில் இறங்குவது என்ற வரிசை நடுவயதில் பலருக்கும் ஒத்துவருவதில்லை. தொழில் மாற்றங்களை ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா இதைத்தான் வலியுறுத்துகிறார்: சின்னதாகச் செய்து பார்க்கும்போதுதான் நமக்கு எது பொருந்தும் என்பது தெரிகிறது. என் அனுபவமும் அதுவே. அதற்கு முன்னால் ஒன்று: நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். இவருடையதில் வெளியே கட்டண வேலை செய்யத் தடை இருந்தது. அதனால், ஆசிரியர் வேலை பொருந்துமா என்று பார்க்க ஒரு கல்லூரியில் வகுப்பு எடுக்க நினைத்தபோது எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கினார், ஊதியமும் வாங்கவில்லை.

அந்தக் கல்லூரி வகுப்பு அவருக்கு ஏமாற்றம்தான். பாடத்திட்டம், தேர்வு, அறுபது மாணவர்கள், நிஜமான புதிர் எதுவும் இல்லை. "நான் பேசறேன், அவங்க எழுதிக்கறாங்க" என்றார். ஆசிரியர் வேலை என்ற கனவு அத்தோடு போயிற்று. இதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டேன். பதவியை ராஜினாமா செய்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்த பிறகு இது தெரிந்திருந்தால்?

தனி ஆலோசகராகப் போவது அடுத்த யோசனை. அதைச் செய்துகொண்டிருக்கும் இரண்டு பேருடன் ஆளுக்கு ஒரு நாள் முழுவதும் கூடவே இருந்து பார்த்தார். வாடிக்கையாளரைத் தேடுவதிலும் பாக்கியை வசூலிப்பதிலும் அவர்களுடைய பாதி நேரம் போகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். வேலை பிடித்திருந்தது, வியாபாரம் பிடிக்கவில்லை.

மூன்றாவதை அவரே கண்டுபிடித்தார். வாரத்தில் இரண்டு மதியங்களைக் காலண்டரில் அடைத்துவிட்டு, புது ஆட்களுடன் உட்கார்ந்து, நிலுவையில் கிடந்த புலனாய்வு அறிக்கைகளை, அதாவது சோதனையில் வந்த கோளாறுக்குக் காரணம் தேடும் அறிக்கைகளை, பார்க்கத் தொடங்கினார். யாரிடமும் பெரிதாக அறிவிக்கவில்லை. மூன்று மாதத்தில் நிலுவை கண்கூடாகக் குறைந்தது. ஒருமுறை முடித்த அறிக்கைகள் மறுபடியும் திறக்கப்படுவதும் குறைந்தது. நாளேட்டில் அந்த மதியங்கள் எல்லாம் கூட்டல் குறி. ஓரத்தில் "நேரம் வீண்" இல்லை.

வீட்டுக் கணக்கு

மனைவி கேட்டவை மூன்று: "எவ்வளவு குறையும்? எத்தனை வருஷம் அப்படி ஓட்டணும்? வேண்டாம்னு தோணிச்சுன்னா திரும்பி வர வழி இருக்கா?" இதைவிடச் சரியான கேள்விகளை எந்த ஆலோசகரும் கேட்டுவிட முடியாது.

வீட்டுக் கடன் இன்னும் நான்கு வருடம். மகள் அடுத்த வருடம் கல்லூரியில் சேர வேண்டும். புலனாய்வும் பயிற்சியும் மட்டும் பார்க்கிற புதுப் பொறுப்பு ஒன்று அவர் மனதில் இருந்தது; அது கிடைத்தால் சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கு வந்தது. காகிதத்தில் போட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த ஐந்தில் ஒரு பங்கை மாதத் தொடக்கத்திலேயே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு மீதியில் ஆறு மாதம் குடும்பம் நடத்திப் பார்த்தார்கள். நான்காவது மாதம் எதிர்பாராத ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. சமாளித்தார்கள், ஆனால் சுலபமாக இல்லை. ஆறு மாத முடிவில் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தது, தங்களால் முடியும் என்ற தைரியமும் இருந்தது. நடுவயதில் மாற்றம் யோசிக்கிற எல்லோரும் இந்த ஒன்றையாவது செய்து பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

முடிவும் இன்றைய நிலையும்

ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பு இல்லாமல், புலனாய்வுக்கும் பயிற்சிக்கும் மட்டும் தலைமை ஆய்வாளர் என்ற பொறுப்பைக் கேட்டார். "அப்படி ஒரு போஸ்ட்டே இல்லையே" என்று முதலில் மறுத்தார்கள். தன் மனநிறைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், நிலுவை அறிக்கைகளால் எத்தனை தொகுதி மருந்து கிடங்கில் தேங்கியது, அந்த இரண்டு மதியங்களுக்குப் பிறகு என்ன மாறியது என்பதை இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் பிடித்தது. தன் இடத்துக்கு ஒருவரைத் தயார் செய்துவிட்டுப் போக வேண்டும் என்பது நிபந்தனை.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தூங்குகிறார். இரவு போன் புதுத் தலைவருக்குப் போகிறது. ஆனால் அந்தப் புதுத் தலைவர் நேற்றுவரை இவருக்குக் கீழே இருந்தவர். முதல் சில கூட்டங்களில் ஓரத்து நாற்காலியில் உட்காரக் கஷ்டமாக இருந்தது என்று மறைக்காமல் சொன்னார். பழைய நண்பர் ஒருவர் "என்னடா, இறக்கிட்டாங்களா?" என்று கேட்டபோது, "நானேதான் கேட்டு வாங்கினேன்" என்று சொல்லிவிட்டாராம். சொன்ன அன்று இரவு அது உறுத்தியதாம். அந்த உறுத்தல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஒற்றை நிகழ்விலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? இவருக்குக் கைத்திறன் இருந்தது, மனைவிக்கும் சம்பாத்தியம் இருந்தது, காது கொடுத்துக் கேட்கிற நிர்வாகம் இருந்தது. அவமதிப்பும் மிரட்டலும் இருக்கிற இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு நாளேடும் கூட்டல் குறியும் உதவாது, பாதுகாப்பாக வெளியே வருவதுதான் முதல் வேலை. சில பேருக்கு நாளேட்டில் கூட்டல் குறியே விழாது. அவர்கள் துறையையே மாற்ற வேண்டிவரும், அந்தப் பாதை இதைவிட நீளமானது.

அடுத்த சந்திப்பு, மகளுடைய கல்லூரி முதல் வருடம் முடிந்த பிறகு. வீட்டுக் கடன் தீர்ந்ததும் ஆலோசகர் வேலையை மறுபடியும் யோசிக்கலாம் என்று இப்போது ஒரு எண்ணம் ஓடுகிறது. வாடிக்கையாளர் தேடுவதையும் வசூலையும் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டாளி கிடைத்தால் மட்டும். அதற்குள் ஒரு மாதம் நாளேட்டை மறுபடியும் எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.